பிள்ளையைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்க்கலாமா? நெல்லைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. சாயங்காலம் வீட்டு மாடியில், வெளிநாடு போகக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு. முன்பெல்லாம் பெற்றோர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பிரெஞ்சு எடுத்தா மார்க் வருமா டீச்சர்?" சில வருடங்களாக இன்னொரு கேள்வியும் வருகிறது. மகள் குடும்பம் பாரிஸ் பக்கம் போகிறது, தம்பிக்கு மான்ட்ரியாலில் வேலை, புதுச்சேரியில் சம்பந்தம் வாய்த்திருக்கிறது. பிள்ளையை எல்லாப் பாடமும் பிரெஞ்சிலேயே நடத்தும் தனியார் பள்ளியில் போடலாமா, கட்டுகிற பணத்துக்கு அது தகுமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பிரெஞ்சு மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. ஆனாலும் கேட்டவர்களில் பலருக்கு "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நெல்லையில் பிரெஞ்சு வழிப் பள்ளி இருக்கிறதா?

இல்லை. நம் ஊரில் இருப்பவை பிரெஞ்சை ஒரு பாடமாக வைத்திருக்கும் பள்ளிகள். வாரத்துக்குச் சில பீரியட் பிரெஞ்சு, மீதியெல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சு வழிப் பள்ளி என்றால் கணக்கு, அறிவியல், வரலாறு தொடங்கி, விளையாட்டு வகுப்பில் "வரிசையாக நில்லுங்கள்" என்பது வரை பிரெஞ்சுதான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். முதலில் இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழ் பேசும் ஊர்களில் பிரெஞ்சு வழிப் பள்ளி என்றதும் நினைவுக்கு வருவது புதுச்சேரி லிசே. 1826-ல் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் பிரெஞ்சுப் பாடத்திட்டத்திலேயே நடக்கிறது. இங்கிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். சென்னை ரயிலில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அங்கே சேர்ப்பதானால் அப்பாவோ அம்மாவோ புதுச்சேரியில் குடியேற வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வரும் ஏற்பாட்டுக்கு என் சம்மதம் கிடையாது. புது மொழியில் நாள் முழுக்கத் திணறிவிட்டு வரும் பிள்ளைக்கு, வீட்டுக்கு வந்ததும் தன் மொழியில் பேசி அழ அம்மா மடி வேண்டும்.

பெயரில் 'பிரெஞ்சு', 'இன்டர்நேஷனல்' என்று இருந்தால் போதுமா?

போதாது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஒமொலொகாசியோன்' என்பார்கள். அந்த அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் உலகம் முழுக்க 500-க்கும் மேல் இருக்கின்றன. 1990-ல் பிரெஞ்சு அரசு வெளிநாடுகளில் உள்ள இந்தப் பள்ளிகளுக்கென ஒரு நிறுவனமே அமைத்தது. இந்த அங்கீகாரத்தால், புதுச்சேரியில் மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை துபாயிலோ லியோனிலோ நுழைவுத் தேர்வு இல்லாமல் அடுத்த வகுப்பில் போய் உட்காரலாம். பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்கள் கட்டும் பணத்தில் பெரும்பகுதி இந்த வசதிக்குத்தான். மூன்று வருடத்துக்கு ஒரு நாடு என்று மாற்றலாகும் குடும்பத்துக்கு இதைப்போல உதவி வேறில்லை. பெருமாள்புரத்தில் வீடு கட்டிக் குடியிருக்கப்போகிறவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அங்கே படிப்பு எப்படி இருக்கும்?

நம் பள்ளிகளிலிருந்து நிறைய மாறுபடும். மூன்று வயதில் மழலையர் வகுப்பு. பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். பிறகு ஐந்து வருடத் தொடக்கப் பள்ளி. அதற்கு மேல்தான் நம்மவர்களுக்குத் தலை சுற்றும். பதினோரு வயதில் போகும் வகுப்பின் பெயர் 'ஆறாவது'. அடுத்த வருடம் 'ஐந்தாவது', அதற்கடுத்தது 'நாலாவது' என்று எண் இறங்கிக்கொண்டே வரும். ஒரு அப்பா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்: "ஆறாவது முடிச்ச பயலை அஞ்சாவதுல போட்டுட்டாங்க டீச்சர், என்ன தப்பு பண்ணான்னு சொல்ல மாட்டேங்கிறாங்க." பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை, நல்லபடியாகத் தேறியிருந்தான்.

மதிப்பெண் இருபதுக்கு. கடைசியில் எழுதும் 'பக்கலோரேயா' தேர்வில் சராசரி 10 வந்தால் தேர்ச்சி. 12, 14, 16 என்று ஏற ஏறச் சிறப்புத் தகுதி. 14 வாங்கிய பிள்ளையை அங்கே பாராட்டுவார்கள். நாமோ நூற்றுக்கு எழுபதுதானே என்று முகம் சுளிப்போம். தொண்ணூற்றெட்டும் தொண்ணூற்றொன்பதும் பார்த்துப் பழகிய கண்ணை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தப் படிப்பில் நான் மனமார மதிப்பது எழுத்து. பதில் சரியா என்பதோடு நிற்க மாட்டார்கள். எப்படி அந்த முடிவுக்கு வந்தாய் என்று வாக்கியம் வாக்கியமாக எழுதச் சொல்வார்கள். கடைசி வருடத்தில், தொழிற்கல்விப் பிரிவு தவிர மற்ற எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் தத்துவம் உண்டு. தேர்வன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை, நோட்ஸ் மனப்பாடம் செய்யாமல், சுதந்திரம் என்றால் என்ன, கடமை எங்கே தொடங்குகிறது என்று தன் யோசனையில் எட்டுப் பக்கம் எழுதுகிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படியொரு வாய்ப்பு இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே ஏக்கம் உண்டு.

இதில் பெற்றோர் யோசிக்க மறந்துவிடும் விஷயம் வீட்டுப்பாடம். வாரா வாரம் சொல்வதெழுதுதல் இருக்கும். எழுதும் எழுத்துகளில் பாதியைப் பிரெஞ்சில் உச்சரிக்க மாட்டார்கள், ஆனால் எழுதாவிட்டால் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர் இல்லையென்றால் டியூஷன் தேட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரி, பணத்துக்குத் தகுமா?

முதலில் பணத்தின் அளவைப் பார்ப்போம். இந்தியாவில் உள்ள பிரெஞ்சுப் பள்ளிகளில் இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளைக்குக் கட்டணம் ஆண்டுக்கு லட்சக் கணக்கில் வரும். பிரெஞ்சு அரசு தரும் உதவித்தொகை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் அங்கே படிப்பதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படிச் செய்யலாம் என்று கணக்குப் போடக் கூடாது. அவர்கள் கட்டுவது வேறு, நாம் கட்டப்போவது வேறு.

இப்போது மறுபக்கம். பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு வழியில் சேரப் பொதுவாக 'பி-2' நிலை கேட்பார்கள்; ஏ-1 முதல் சி-2 வரையான ஆறு மொழிப் படிகளில் அது நான்காவது. ஒன்றும் தெரியாத ஒருவர் அந்த நிலையை எட்ட 500 முதல் 650 மணி நேரப் படிப்பு தேவை என்று சொல்வது வழக்கம். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு வருடம். என் மாடி வகுப்பில் வேலை பார்த்துக்கொண்டே இதை முடித்தவர்கள் இருக்கிறார்கள். செலவு ஆயிரங்களில்.

ஆகவே பதினைந்து வருடம் பிரெஞ்சு வழியில் படிக்கவைப்பதை 'மொழி கற்றுக்கொள்ள' என்று மட்டும் பார்த்தால் அது தகாத விலை. மொழியை அதைவிடக் குறைந்த செலவில், பிள்ளை பெரியவனான பிறகும் கற்கலாம். பாரதியை அவர் அப்பா ஆங்கிலம் படிக்க எட்டயபுரத்திலிருந்து நெல்லைக்கு அனுப்பினார். அந்தப் படிப்பு அப்பாவுக்குச் செலவானதே தவிரத் தனக்கு நன்மை செய்யவில்லை என்று பிற்பாடு அவரே வருந்தி எழுதினார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது பிரெஞ்சைக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் மணமாகிக் குழந்தை பெற்ற மனிதர்.

எப்போது தகும்? அடுத்த பத்து வருடம் பிள்ளையின் வாழ்க்கை பிரெஞ்சு பேசும் ஊரில் என்று உறுதியாகத் தெரிந்தால். அல்லது பிரெஞ்சுப் பள்ளிகள் உள்ள ஊர்களாகப் பார்த்து மாற்றலாகும் வேலையில் நீங்கள் இருந்தால். அல்லது வீட்டில் அப்பா அம்மா யாராவது ஒருவருக்குப் பிரெஞ்சு தாய்மொழி போல இருந்தால். மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். "போனாலும் போவோம்" என்ற அளவில் இருப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். அந்த நினைப்பிலேயே எட்டாம் வகுப்பு வரை படிக்கவைத்துவிட்டு, விசா கிடைக்காமல், பிள்ளையைத் திரும்ப ஊர்ப் பள்ளியில் சேர்க்க அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பையன் இரண்டு வருடம் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

பின்னாளில் நீட், இன்ஜினியரிங் என்று இங்கேயே வர நினைத்தால்?

பக்கலோரேயாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. ஆகவே கதவு மூடிவிடாது. ஆனால் வழி கரடுமுரடு.

பிரெஞ்சு முறையில் கடைசிக்கு முந்தின வருடம் மூன்று சிறப்புப் பாடங்கள், கடைசி வருடம் அதில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டு. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து ஒரே பாடம். டாக்டராக நினைக்கும் பிள்ளை அதையும் உயிரியலையும் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாடத்தை விடுவது என்று பதினாறு வயதில் முடிவு செய்யும்போதே இந்தியாவுக்குத் திரும்பும் யோசனை உண்டா என்று தெரிந்திருக்க வேண்டும். நீட் தேர்வைத் தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். பிரெஞ்சு அதில் இல்லை. ஒளிச்சேர்க்கைக்கும் முடுக்கத்துக்கும் பிரெஞ்சுச் சொல் மட்டும் தெரிந்த பிள்ளை, எல்லாக் கலைச்சொல்லையும் மறுபடி ஆங்கிலத்திலோ தமிழிலோ படிக்க வேண்டும். அதோடு தமிழ்நாட்டுக்கு வெளியே படித்ததால், இங்கே கலந்தாய்வுக்கு வரும்போது பிறப்பிடச் சான்றிதழ் வேலையும் சேரும். மருத்துவம்தான் வேண்டும் என்று வீடே ஒரே நினைப்பாக இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கூடுமா? அதுவே போதாதா?

மார்க் கூடும். நானே அந்த மார்க்கை வாங்கிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது என்ன மார்க் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2006-ல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் ஒரு பாடமாக இருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் மொழிப் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அங்கே தமிழை விட்டுப் பிரெஞ்சுக்கு வருகிறார்கள். எழுத்துத் தேர்வு, தெரிந்த மாதிரிக் கேள்விகள், சின்னப் பாடநூல். கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு வருடத்தில் நல்ல மார்க் எடுத்துவிடும். ஆனால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200-க்கான கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழி மார்க் அதில் சேரவே சேராது. நீட் வேறு தேர்வு. அப்படியானால் அந்த மார்க் மொத்தத்தில் ஏறி, பேனரில் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. 95 எடுத்த மாணவி ஒருத்தி, கல்லூரியில் சேர்ந்த பிறகு என்னைப் பார்க்க வந்தாள். "உன் பெயரென்ன, எந்த ஊர், எத்தனை பேர் வீட்டில்" என்று பிரெஞ்சில் கேட்டேன். சிரித்துக்கொண்டே நின்றாள். குறை அவளிடம் இல்லை. பேச்சுக்கு மார்க் இல்லாத இடத்தில் நான் பேசச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்கவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு பீரியட் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேச்சு மட்டும்தான். வேறொரு பள்ளியில், பெயர் வேண்டாம், சேர்க்கையின்போது பிரெஞ்சு உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ஒரே வருடத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். நடுவில் இரண்டு மாதம் ஆளே இல்லை. பிரெஞ்சு இருக்கிறதா என்று கேட்பதோடு, சொல்லிக்கொடுப்பவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு கஷ்டமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பயப்படுகிற அளவுக்கு இல்லை, சில இடங்களில் நமக்கு அது சொந்த வீடு மாதிரி.

காசு, இல்லை இரண்டும் சேர்ந்தால் காசில்லை. உகரம் தானாக உதிர்ந்துவிடுகிறது. பிரெஞ்சில் 'நண்பன்' என்பது 'அமி'. அதன் முன்னால், ஆங்கில 'தி' (the) போன்ற 'ல' சேர்த்தால் 'ல அமி' என்று நிற்காது, 'லமி' ஆகிவிடும். மணி, அடித்தது சேரும்போது நடுவில் 'ய்' வந்து மணியடித்தது ஆகிறதல்லவா? 'லே' என்ற பன்மைச் சொல்லோடு 'அமி' சேர்ந்தால் நடுவில் ஒரு 'z' ஒலி எட்டிப்பார்த்து 'லேஸமி' ஆகும். புணர்ச்சி விதி படித்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண் விரியும். நீ, நீங்கள் வித்தியாசம் அங்கேயும் அப்படியே உண்டு. மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் என்று எல்லோரும் மிரட்டுவார்கள். நாம் பேச்சில் 'மரம்', 'அவன்' என்பதை எப்படி முடிக்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். ம்-மும் ன்-னும் கரைந்து மூக்கொலிதான் மிஞ்சும்.

எண்கள் சிரிப்பு மூட்டும். எழுபதை 'அறுபது பத்து', எண்பதை 'நாலு இருபது', தொண்ணூறை 'நாலு இருபது பத்து' என்பார்கள். நம் தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் அடங்கிவிடுகிறார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். நம் எழுத்தில் ஒரே 'ப'. பிரெஞ்சில் வல்லோசைப் 'ப' வைத்தால் ரொட்டி, மெல்லோசை 'ப' வைத்தால் குளியல். அப்புறம் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. புத்தகம் ஆண், மேசை பெண். உயர்திணை, அஃறிணை என்று ஒழுங்காகப் பிரித்த மொழியிலிருந்து வரும் பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். பொருளோடு சேர்த்து மனதில் பதியவைப்பதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை.

எந்த வயதில் சேர்ப்பது நல்லது?

சேர்ப்பதென்று முடிவானால் ஆறு, ஏழு வயதுக்குள். அந்த வயதில் பாடமே குறைவு. மொழியும் பாடமும் கூடவே வளரும். பதினொன்று, பன்னிரண்டில் சேரும் பிள்ளை ஒரே நேரத்தில் மொழியையும், அந்த மொழியில் பின்னக் கணக்கையும், பிரெஞ்சுப் புரட்சியையும் தூக்க வேண்டும். முடியும், ஆனால் ஒரு வருடம் பின்தங்கலாம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பதினைந்துக்கு மேல் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் முதல் சில மாதம் பள்ளியில் பேசாமலே இருக்கக்கூடும். அது குறையல்ல, கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம். அந்த நேரத்தில் "பிரெஞ்சில் ஏதாவது சொல்லு பார்ப்போம்" என்று சொந்தக்காரர் முன்னால் நிறுத்திவைக்காதீர்கள்.

ஆங்கிலம் போய்விடாதா?

1965-ல் மான்ட்ரியால் பக்கத்தில் சாம்-லாம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தாங்களே முன்னின்று தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழி வகுப்பு தொடங்கவைத்தார்கள். உலகம் முழுக்க ஆராய்ந்து பார்த்த முயற்சி அது. பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை. பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் நன்றாக வந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் அந்த மொழிக்காரப் பிள்ளைகள் அளவுக்கு வரவில்லை. ஆனால் அங்கே வீட்டு மொழியே ஆங்கிலம், வெளியே எங்கும் ஆங்கிலம். நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, ஆங்கிலம் ஒரு பாடம். ஆங்கிலம் போய்விடாது, ஆனால் இங்கே ஆங்கில வழியில் படிக்கும் சித்தி பையன் அளவுக்குச் சீக்கிரம் வராது. அதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

பிரான்சுக்கே குடிபோகிறோம். அங்கே தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா?

முதலில் அரசுப் பள்ளியைப் பாருங்கள். கட்டணம் இல்லை. புதிதாக வந்த, பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று தனி மொழி வகுப்பு நடத்தும் ஏற்பாடும் அங்கே உண்டு. அந்த வகுப்பு நீங்கள் போகும் ஊரில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வீடு பாருங்கள்.

தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசோடு ஒப்பந்தம் உள்ளவை. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, பாடத்திட்டம் ஒன்றே, கட்டணம் மிதம். ஒப்பந்தம் இல்லாத பள்ளிகளில் முழுச் செலவும் பெற்றோர் தலையில்.

மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா மகளின் முக்காட்டைப் பற்றிக் கேட்டார். 2004 சட்டப்படி பிரான்சின் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான மத அடையாளம் அணிந்து வரக்கூடாது. தனியார் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவை அவரவர் விதி வைத்துக்கொள்கின்றன. இந்தக் காரணத்துக்காகத் தனியார் பள்ளியைத் தேர்வது மதிக்கத்தக்க காரணம்தான். ஆனால் ஊரில் இருக்கும்போதே பள்ளிக்கு எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். பிள்ளை முதல் நாள் வாசலில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது.

கனடா போகிறவர்களுக்கு?

கியூபெக் மாநிலமென்றால் பிரெஞ்சு உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததில்லை. 1977-ல் வந்த மொழிச் சட்டப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாக மேல்நிலை முடியும்வரை பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். தற்காலிக வேலை விசாவில் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி அனுமதி உண்டு, ஆனால் 2022 திருத்தம் அதை மூன்று வருடமாகக் குறுக்கிவிட்டது. அரசுப் பள்ளி இலவசம், புதியவர்களுக்கு வரவேற்பு வகுப்பும் உண்டு. டொரன்டோ போன்ற இடங்களில் அரசுப் பள்ளியிலேயே பிரெஞ்சில் மூழ்கிப் படிக்கும் பிரிவு இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் நேரே தனியார் பள்ளிக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். கனடாக் குடியேற்றத்தில் 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குத் தேர்வு எழுத வேண்டியவர் அப்பா அல்லது அம்மா. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் கனடாவின் மொழி அளவுகோலில் ஏழாம் நிலை வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கை எடுத்து முதலில் நீங்கள் படியுங்கள்.

மேல்படிப்புக்குப் பிரான்ஸ் போக நினைக்கும் பிள்ளைக்குப் பிரெஞ்சு வழிப் பள்ளி அவசியமா?

அவசியமில்லை. முதுநிலைப் படிப்புகள் நிறைய ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவழைப்பது என்று பிரான்ஸ் இலக்கு வைத்திருக்கிறது. அதற்காகவே, முதல் வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிறகு பட்டப்படிப்பில் சேர்க்கும் வகுப்புகளையும் அறிவித்தார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2019-ல் இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 யூரோ என்று வைத்தார்கள். பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. பள்ளிக்கு வருடா வருடம் லட்சங்களைக் கொட்டுவதற்குப் பதில் இதற்குச் சேர்த்துவைக்கலாம்.

வேலைக்கும் அப்படித்தான். ஒரகடத்தில் ரெனோ, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் என்று சென்னையைச் சுற்றிப் பிரெஞ்சு நிறுவனங்கள் உண்டு. அங்கே நம் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது முதலில் தொழில் தெரியுமா என்று பார்த்துத்தான். பிரெஞ்சு கூடுதல் பலம்.

நெல்லையிலிருந்தே நல்ல பிரெஞ்சு எங்கே கற்கலாம்?

எல்லோரும் சென்னையில் உள்ள பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் என்பார்கள். 1953 முதல் இருக்கும் நல்ல இடம். ஆனால் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் அலியான்ஸ். நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம். பாடத்தை ஆன்லைனில் படித்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் போகிறவர்கள் என் வகுப்பிலும் உண்டு. பிள்ளைக்கு 'டெல்ஃப்' என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வை ஏ-1, ஏ-2 என்று படிப்படியாக எழுதவையுங்கள். அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை, பேச்சுக்கும் மார்க் உண்டு. குடியேற்றத்துக்கு எழுதும் 'டெஃப்' தேர்வு இரண்டு வருடம்தான் செல்லும். அதைச் சீக்கிரமே எழுதி வீணாக்க வேண்டாம்.

தமிழ் என்ன ஆகும்?

பிரெஞ்சு வழிப் பள்ளியில் போட்ட பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்க வராமல் போவது சுலபம். பேச்சு வீட்டில் நிற்கும், எழுத்து நிற்காது. லியோனிலிருந்து விடுமுறைக்கு வீரவநல்லூர் வந்த ஒன்பது வயதுப் பெண் பிள்ளையை என்னிடம் அழைத்து வந்தார்கள். பிரெஞ்சு அருவி மாதிரி கொட்டியது. ஆச்சி ஆசையாகக் கையில் கொடுத்த பழைய சிறுவர் கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி நேராக வைத்து, தானே வாசித்துக் காட்டினார்.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன ஏற்பாடு இது: ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் ஆச்சி ஒரு கதை சொல்வார், பிள்ளை அதிலிருந்து மூன்று வரி தமிழில் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். தப்புக்குத் திருத்தம் கிடையாது. இரண்டு வருடத்தில் மூன்று வரி ஒரு பக்கமாகியிருக்கிறது. திரும்பி வந்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

அலுவலகத்தில் அங்கீகாரக் கடிதத்தையும், எந்த வகுப்பு வரை அது செல்லும் என்பதையும் கேளுங்கள். தொடக்கப் பள்ளிக்கு மட்டும் வாங்கியிருந்தால் மேலே எங்கே போவது என்று தெரிய வேண்டும். கட்டணத்தில் தேர்வுக் கட்டணம், புத்தகம், சாப்பாடு சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். நம்மைப் போன்ற வீட்டிலிருந்து, பிரெஞ்சு தெரியாமல் வந்த பிள்ளைகள் எத்தனை பேர், முதல் வருடம் அவர்களுக்குத் தனியாக யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பெற்றோரில் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

பிறகு இடைவேளை மணி அடிக்கும்வரை காத்திருங்கள். பிள்ளைகள் மைதானத்தில் ஓடும்போதும், பந்துக்குச் சண்டை போடும்போதும், விழுந்து அழும்போதும் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஆங்கிலமாகவே இருந்தால், அங்கே பிரெஞ்சு வகுப்பறைக்குள் மட்டும்தான் இருக்கிறது; அந்தக் கட்டணத்தைக் கட்டுமுன் இன்னொரு முறை யோசியுங்கள்.